வெளியுறவு அமைச்சரிடம் என்ன கேட்கலாம், எப்படிக் கேட்க வைக்கலாம்?

வாசகர் கேள்வி – பதில்: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள்

கேள்வி: நாடாளுமன்ற நேரலையில் வெளியுறவு அமைச்சர் எழுந்து, "அறிக்கை அவையின் மேசை மீது வைக்கப்படுகிறது" என்று ஒரு வரி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார். பார்க்கிறவர்களுக்குக் கேள்வியும் தெரிவதில்லை, பதிலும் தெரிவதில்லை. ஏன் இப்படி? (கல்லூரி மாணவி, அரூர்)

பதில்: நீங்கள் பார்த்தது நட்சத்திரக் கேள்வி, அதாவது அவையில் வாய்மொழிப் பதில் கோரும் கேள்வி. கேள்வியும் எழுத்துப் பதிலும் உறுப்பினர்களின் கைக்கு முன்கூட்டியே வந்துவிடுவதால், அவையில் யாரும் அவற்றை வாசிப்பதில்லை. சபாநாயகர் பெயரை அழைப்பார். உறுப்பினர் எழுந்து கேள்வி எண்ணை மட்டும் சொல்வார். அமைச்சர் அந்த ஒரு வரியைச் சொல்வார். பிறகுதான் விஷயமே தொடங்குகிறது. கேட்டவருக்கு இரண்டு துணைக் கேள்விகள் உண்டு. அவருக்குப் பின் சபாநாயகர் யாரை அனுமதிக்கிறாரோ அவர்களும் கேட்கலாம். அமைச்சர் வாய் திறந்து சொல்லும் பதில் இந்தத் துணைக் கேள்விகளுக்குத்தான்.

மக்களவையில் கேள்வி நேரம் காலை 11 முதல் 12 வரை. மாநிலங்களவையில் 2014 நவம்பர் முதல் பகல் 12 முதல் 1 வரை. மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகளும், நட்சத்திரமில்லாத எழுத்துக் கேள்விகள் 230-ம் பட்டியலிடப்படும். மாநிலங்களவையில் 15, 160. மக்களவையின் நட்சத்திரப் பட்டியல் பச்சைத் தாளிலும், மற்றது வெள்ளைத் தாளிலும் அச்சாகும். அந்த 20-ல் வாய்மொழிக்கு வருவது பெரும்பாலும் நான்கைந்துதான். மணி 12 அடித்ததும் மீதியெல்லாம் எழுத்துப் பதிலாகிவிடும். பட்டியலில் பதினாலாவதாக நிற்கும் கேள்வியை நேரலையில் தேடிப் பயனில்லை.

இன்னொன்று. அமைச்சகங்களுக்கு வாரத்தில் முறை நாள் உண்டு. அண்மைக் கூட்டத்தொடர்களில் வெளியுறவுத் துறையின் முறை மக்களவையில் வெள்ளி, மாநிலங்களவையில் வியாழன். வெள்ளிக்கிழமை பிற்பகல், அமைச்சர் அல்லாத உறுப்பினர்கள் கொண்டுவரும் தனிநபர் மசோதாக்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது. தொகுதிக்கு விமானம் பிடிக்கும் அவசரத்தில் வெள்ளியன்று அவை மெலிந்திருப்பதும் உண்டு. 2009 நவம்பர் 30 அன்று பட்டியலில் பெயர் இருந்த உறுப்பினர்களில் பெரும்பாலோர் வராததால், கேள்வி நேரம் 12 மணிக்கு முன்பே தீர்ந்துபோனது. அன்று திங்கட்கிழமை! ஆக, எல்லாப் பழியையும் வெள்ளிக்கிழமை மேல் போட முடியாது.

கேள்வி: எங்கள் ஊரிலிருந்து மலேசியாவுக்கு வேலைக்குப் போன பலருக்குப் பேசிய சம்பளம் கிடைக்கவில்லை. இதை நாடாளுமன்றத்தில் கேட்க வைக்க முடியுமா? என்ன செய்ய வேண்டும்? (வாசகர், பென்னாகரம்)

பதில்: முடியும். முதலில் யாரிடம் போவது என்று பாருங்கள். பென்னாகரம், பாலக்கோடு, தருமபுரி, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் ஆகியவற்றோடு சேலம் மாவட்டத்து மேட்டூரும் தருமபுரி மக்களவைத் தொகுதியில் வரும். ஊத்தங்கரை, பர்கூர், கிருஷ்ணகிரி, வேப்பனஹள்ளி, ஓசூர், தளி ஆகியவை கிருஷ்ணகிரி தொகுதி. உங்கள் தொகுதி எம்.பி.தான் கேட்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. தமிழ்நாட்டின் 18 மாநிலங்களவை உறுப்பினர்களில் யாரிடமும் போகலாம். வெளிநாட்டுத் தொழிலாளர் விவகாரத்தில் ஏற்கெனவே கேள்வி கேட்டிருப்பவராகப் பார்த்துப் போனால், பாதி வேலை மிச்சம்.

அடுத்தது காலக்கணக்கு. பதில் வர வேண்டிய நாளுக்கு 15 முழு நாட்கள் முன்பாக, எம்.பி. எழுத்தில் கொடுக்கும் கேள்வி நோட்டீஸ் அவைச் செயலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். கொடுத்த நாளும் பதில் நாளும் கணக்கில் வராது. 20-ம் தேதி பதில் வேண்டும் என்றால் நோட்டீஸ் 4-ம் தேதிக்குள் போயாக வேண்டும். 5 முதல் 19 வரை எண்ணிப் பாருங்கள், 15 வரும். கூட்டத்தொடர் தொடங்கிய பிறகு மனு கொண்டு போகிறவர்கள் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். மழைக்காலக் கூட்டத்தொடர் வழக்கமாக ஜூலையில் தொடங்கும் என்றால், ஜூன் மாதமே எம்.பி. அலுவலகத்தில் காகிதம் இருக்க வேண்டும்.

கேள்வி 150 வார்த்தைக்குள் அடங்க வேண்டும். வாதம், ஊகம், கிண்டல், அடைமொழி, குற்றச்சாட்டு இருக்கக்கூடாது. கருத்துக் கேட்கக்கூடாது. நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கைத் தொடக்கூடாது. நட்பு நாட்டை மரியாதைக் குறைவாகக் குறிப்பிடக்கூடாது. மத்திய அரசின் பொறுப்பில் இல்லாத விஷயமாகவும் இருக்கக்கூடாது. மக்களவை விதி 41 இப்படி நீளமாகப் போகிறது. வெளியுறவுக் கேள்விகளைப் பொறுத்தவரை, நிராகரிப்புக்கு வழிவிடுவது பெரும்பாலும் அடைமொழியும் நட்பு நாட்டு விதியும்தான்.

நம் ஊர் மனுக்களில் வழக்கமாக வரும் வாசகம் இது: "மலேசியாவில் தமிழர்கள் கொத்தடிமைகளாக நடத்தப்படுவதை அரசு அறியுமா? அறியுமாயின் எடுத்த நடவடிக்கை என்ன?" இதில் 'கொத்தடிமை' என்ற சொல்லுக்கே வெட்டு விழலாம். தப்பிப் பிழைத்துப் போனாலும், "வெளிநாடுவாழ் இந்தியரின் நலனுக்கு அரசு மிக உயர்ந்த முன்னுரிமை அளிக்கிறது" என்று தொடங்கும் இரண்டு பத்தி வந்து சேரும். அதை வைத்து எதையும் செய்ய முடியாது. இதையே இப்படி எழுதிக் கொடுங்கள்:

"வெளியுறவு அமைச்சர் தெரிவிப்பாரா:
(அ) ஊதியம் தரவில்லை என்றும் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்துள்ளனர் என்றும் கோலாலம்பூர் இந்திய ஹைகமிஷனில் கடந்த மூன்று ஆண்டுகளில் பதிவான புகார்கள் ஆண்டு வாரியாக எத்தனை;
(ஆ) அவற்றில் தமிழ்நாட்டினர் கொடுத்தவை எத்தனை, தீர்ந்தவை எத்தனை, நிலுவையில் உள்ளவை எத்தனை;
(இ) இந்தப் புகார்களுக்காக இந்தியச் சமூக நல நிதியிலிருந்து செலவான தொகை ஆண்டு வாரியாக எவ்வளவு;
(ஈ) பதிவு பெறாத முகவர்கள் குறித்துத் தமிழ்நாடு அரசுக்கு அனுப்பப்பட்ட புகார்கள் எத்தனை, அவற்றில் வழக்குத் தொடர அனுமதி கேட்டு வந்தவை எத்தனை?"

இதற்கு எண் கொடுத்துத்தான் ஆக வேண்டும். எண் இல்லை என்றால் இல்லை என்று எழுத்தில் சொல்லியாக வேண்டும். இரண்டுமே உங்களுக்குப் பயன்படும். (ஈ) பிரிவு முக்கியம்: முகவர் மேல் நடவடிக்கை எடுப்பது மாநிலப் போலீஸ் என்று டெல்லியும், வெளிநாட்டு விவகாரம் என்று போலீஸும் பந்தைத் தட்டிவிடும் இடம் அதுதான்.

நட்சத்திரம் போட்டுத்தான் கேட்க வேண்டும் என்று பலர் பிடிவாதம் பிடிக்கிறார்கள். வேண்டாம். ஒரு நாளைக்கு ஓர் உறுப்பினர் பெயரில் ஒரே ஒரு நட்சத்திரக் கேள்விதான் வர முடியும், அதுவும் கேள்விகளை வரிசைப்படுத்தும் குலுக்கலில் முன்னால் வந்தால். எண்ணிக்கை வேண்டும் என்றால் எழுத்துக் கேள்வியே நல்லது. அந்த எண் கைக்கு வந்த பிறகு, அடுத்த கூட்டத்தொடரில் 'இத்தனை நிலுவை ஏன்?' என்று நட்சத்திரக் கேள்வி போடச் சொல்லுங்கள். முதல் பதில் கையில் இருந்தால் துணைக் கேள்வியில் அமைச்சர் நழுவுவது கடினம்.

கேள்வியை எம்.பி. தன் பெயரில், தன் கணக்கில் பதிவு செய்ய வேண்டும். அதற்காகப் பணமோ பரிசோ கைமாறக்கூடாது. கேள்வி கேட்கப் பணம் வாங்கிய விவகாரத்தில் 2005 டிசம்பரில் இரு அவைகளிலுமாக 11 உறுப்பினர்கள் நீக்கப்பட்டார்கள்.

கேள்வி: மலேசியா, வளைகுடா பற்றிக் கேட்டால் எத்தனை பேர் போனார்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். சிங்கப்பூர் பற்றிக் கேட்டால் அப்படிக் கணக்கு வருவதில்லையே? (வாசகர், காரிமங்கலம்)

பதில்: அமைச்சர் தரும் 'குடியேற்ற அனுமதி' எண்ணிக்கை 18 நாடுகளுக்கு மட்டும் உரியது. சவூதி, குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், ஐக்கிய அரபு அமீரகம், மலேசியா, தாய்லாந்து எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு, சிங்கப்பூர் கிடையாது. அதிலும் பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் வைத்திருக்கும், அனுமதி தேவைப்படும் வகைப் பாஸ்போர்ட்டில் போனவர்கள்தான் எண்ணப்படுகிறார்கள். பத்தாம் வகுப்புத் தேறிவிட்டு துபாய்க்கு வெல்டிங் வேலைக்குப் போனவர் அந்தக் கணக்கில் இல்லை. சுற்றுலா விசாவில் கூட்டிக்கொண்டு போகப்பட்டவரும் இல்லை. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று அழைத்துப் போய் மியான்மரின் மியாவடியில் மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டவர்கள் பலர் இப்படி அனுமதி வலைக்கு வெளியே போனவர்கள்தான். ஆகவே கேள்வியில் 'அனுமதி பெற்றுச் சென்றவர்கள்' என்பதையும் 'மீட்கப்பட்டவர்கள்' என்பதையும் தனித்தனிப் பிரிவாகக் கேட்க வேண்டும். சேர்த்துக் கேட்டால் சின்ன எண்தான் வரும்.

கேள்வி: என் கணவர் குவைத்தில் இருக்கிறார். முதலாளி பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு ஊருக்கு விடவில்லை. எம்.பி. மூலம் அமைச்சரிடம் கேள்வி கேட்கச் சொல்லலாமா? (வாசகி, ஊத்தங்கரை)

பதில்: வேண்டாம் அம்மா. கேள்விக்குப் பதில் வர வாரக்கணக்கில் ஆகும். அதுவும் அவை கூடியிருந்தால்தான். ஒரு தனி மனிதரின் சிக்கலுக்கு நாடாளுமன்றக் கேள்வி சரியான வழி அல்ல. வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் இன்றே புகார் பதியுங்கள். கணவரின் பாஸ்போர்ட் நகல், சிவில் ஐடி (குவைத் அடையாள அட்டை) எண், ஒப்பந்தம், முதலாளியின் பெயர், முகவரி, கைபேசி எண், கடைசியாகச் சம்பளம் வாங்கிய மாதம் ஆகியவை வேண்டும். பாஸ்போர்ட் நகல் இல்லாவிட்டாலும் எண் தெரிந்தால் போதும். பழைய விமான டிக்கெட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு எண் கிடைத்ததும் அதைக் குறிப்பிட்டு எம்.பி.யிடம் ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். அவர் அமைச்சருக்கு எழுதும் கடிதம் தூதரகத்துக்குப் போகும். சென்னையில் உள்ள வெளிநாடுவாழ் தமிழர் நலன் ஆணையரகத்துக்கும் ஒரு நகல் அனுப்பி வையுங்கள். திரும்பிவரக் காசில்லாத நிலை என்றால், தூதரகம் இந்தியச் சமூக நல நிதியிலிருந்து டிக்கெட் எடுக்க வழியுண்டு. அதைத் தனியாக எழுதிக் கேட்க வேண்டும்.

அனுப்பிவைத்த முகவர் பதிவு பெற்றவரா என்று வெளியுறவு அமைச்சகத்தின் 'இமைகிரேட்' தளத்தில் பாருங்கள். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய அதிகபட்சச் சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் மட்டுமே. அதற்கு மேல் வாங்கியிருந்தால் ரசீதோ, வங்கிப் பரிமாற்றச் சான்றோ எடுத்து வையுங்கள்.

கேள்வி: ஓசூர் ரோஜா, கிருஷ்ணகிரி மாங்கூழ், கிரானைட் எல்லாம் வெளிநாட்டுக்குப் போகிறது. இவற்றின் பிரச்சினைகளை வெளியுறவு அமைச்சரிடம்தானே கேட்க வேண்டும்? (மாங்கூழ் ஆலைப் பணியாளர், காவேரிப்பட்டணம்)

பதில்: பொருள் கடல் தாண்டிப் போகிறது என்பதற்காக அது வெளியுறவுத் துறை ஆகிவிடாது. ஏற்றுமதி, சுங்க வரிச் சலுகை பேசும் ஒப்பந்தங்கள், வேளாண் ஏற்றுமதி வாரியமான அபெடா எல்லாம் வணிகம், தொழில் அமைச்சகத்தின் கீழ். 2022 மே மாதம் நடைமுறைக்கு வந்த அமீரக ஒப்பந்தத்தையும், 2025 ஜூலையில் கையெழுத்தான பிரிட்டன் ஒப்பந்தத்தையும் பேசி முடித்தது வணிக அமைச்சகம்தான். பெங்களூரா மாங்காய் கொள்முதல் விலை சரிந்தது என்றால் வேளாண்மை அமைச்சகம், அதோடு மாநில அரசு. பெங்களூரு விமான நிலையத்தில் பூப்பெட்டி வெயிலில் காய்கிறது என்றால் விமானப் போக்குவரத்து. தவறான அமைச்சகத்துக்குப் போட்ட கேள்வி வேறு அமைச்சகத்துக்கு மாற்றப்படும். அந்த அமைச்சகத்தின் முறை நாள் வேறாக இருப்பதால் தேதியும் தள்ளிப்போகும். கூட்டத்தொடர் கடைசி வாரமாக இருந்தால் கேள்வியே காலாவதி.

வெளியுறவு அமைச்சரிடமே கேட்க வேண்டும் என்றால், கேள்வியைத் தூதரகத்தின் பக்கம் திருப்ப வேண்டும்: "இந்திய மாங்கூழுக்குச் சந்தை தேட வளைகுடா, ஐரோப்பியத் தூதரகங்கள் கடந்த இரண்டாண்டில் நடத்திய வாங்குவோர் சந்திப்புகள் எத்தனை, கலந்துகொண்ட தமிழ்நாட்டு நிறுவனங்கள் எத்தனை?" இது அவர் வேலிக்குள் வரும் கேள்வி. மாற்றிவிட முடியாது.

கேள்வி: ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனில் வந்தது. அதன் விரிவாக்கம் பற்றி? (வாசகர், நல்லம்பள்ளி)

பதில்: புளோரைடு கலந்த நீரால் பல்லும் எலும்பும் கெட்ட இரு மாவட்டங்களுக்காக, ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜைக்காவின் கடனுதவியில் வந்து 2013-ல் தொடங்கிவைக்கப்பட்ட திட்டம் அது. வெளிநாட்டுக் கடன் என்றாலும் டெல்லியில் அதைக் கையாள்வது நிதி அமைச்சகத்தின் பொருளாதார விவகாரத் துறை. குழாய் போடுவது மாநில அரசு. வெளியுறவு அமைச்சருக்கு இதில் வேலை இல்லை.

கேள்வி: கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குகிறது. கர்நாடகம் கேட்பதாக இல்லை. அதையாவது வெளியுறவு அமைச்சரிடம் கேட்கலாமா? (வாசகர், ஓசூர்)

பதில்: உங்கள் கோபம் புரிகிறது. கர்நாடகம் இன்னும் வெளிநாடு ஆகவில்லை. ஜல்சக்தி அமைச்சகத்துக்கும் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கும் தனித்தனியாகப் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: அப்படியானால் வெளியுறவு அமைச்சர் உள்நாட்டு விவகாரம் எதற்குமே பதில் சொல்ல மாட்டாரா? (போட்டித் தேர்வு மாணவர், கிருஷ்ணகிரி)

பதில்: சொல்வார், அவர் துறைக்குள் வரும் அளவுக்கு. பாஸ்போர்ட் சேவை மையங்கள், போலீஸ் சரிபார்ப்பில் ஆகும் தாமதம், வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர் பதிவு ஆகியவை உள்நாட்டில் நடப்பவை. ஆனால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். வெளிநாடுவாழ் இந்தியர் நல அமைச்சகம் 2016 ஜனவரியில் வெளியுறவுத் துறையோடு இணைக்கப்பட்டபின் இந்தப் பகுதி இன்னும் பெரிதாகிவிட்டது. பாஸ்போர்ட் கேள்விகளில் போலீஸ் சரிபார்ப்புக்கு ஆகும் நாட்கள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும் என்று பதில் வரும். கேள்வியிலேயே 'மாநில வாரியாக' என்று எழுதிவிட்டால் தமிழ்நாட்டின் எண் தனியாகக் கிடைக்கும்.

உள்நாடு, வெளியுறவு இரண்டையும் ஒருவரே சுமந்த காலமும் உண்டு. 1947 முதல் 1964 வரை பிரதமர் நேருவே வெளியுறவுத் துறையையும் வைத்திருந்தார். பிரிட்டனில் 2020 ஏப்ரலில் பிரதமர் போரிஸ் ஜான்சன் கொரோனாவில் படுத்திருந்தபோது, வெளியுறவு அமைச்சர் டொமினிக் ராப் பிரதமரின் கேள்வி நேரத்தில் நின்று உள்நாட்டு மருத்துவமனை முதல் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். அங்கே அந்த அரைமணியில் என்ன துணைக் கேள்வி வரும் என்று முன்கூட்டித் தெரியாது. இங்கே துணைக் கேள்வி மூலக் கேள்வியிலிருந்து கிளம்ப வேண்டும். விலகினால் 'இது மூலக் கேள்வியிலிருந்து எழவில்லை' என்று சபாநாயகர் தடுத்துவிடுவார்.

தேர்வுக்காகக் கேட்டிருப்பீர்கள், இதையும் குறித்துக்கொள்ளுங்கள்: இப்போதைய அமைச்சர் ஜெய்சங்கர் குஜராத்திலிருந்து தேர்வான மாநிலங்களவை உறுப்பினர். இருந்தும் மக்களவையில் பேசுகிறார், பதிலளிக்கிறார். அதற்கு இடம் தருவது அரசியல் சட்டத்தின் 88-வது பிரிவு. வாக்களிக்க மட்டும் முடியாது.

கேள்வி: பதிலை அமைச்சரே எழுதுகிறாரா? (வாசகி, பர்கூர்)

பதில்: நாட்டுக்கு நாடு, பொருளுக்குப் பொருள் தனிப் பிரிவு உண்டு. இலங்கை என்றால் இந்தியப் பெருங்கடல் வட்டாரப் பிரிவு, குவைத் என்றால் வளைகுடாப் பிரிவு. அந்தப் பிரிவின் கீழ்நிலை அதிகாரி தூதரகத்திடம் விவரம் வாங்கி வரைவு எழுதுவார். அது இணைச் செயலர் வழியாக மேலே போய், அமைச்சர் ஒப்புதல் பெற்றுத் திரும்பும். எழுத்துப் பதில்களில் பெரும்பாலும் இணை அமைச்சரின் பெயர் இருக்கும். நட்சத்திரக் கேள்வி என்றால் பதிலோடு ஒரு தடித்த கோப்பும் தயாராகும்: என்னென்ன துணைக் கேள்வி வரலாம், அதற்கு என்ன எண், சென்ற கூட்டத்தொடரில் என்ன சொன்னோம் என்று. அவையில் அதிகாரிகளுக்கென்று தனி இடம் உண்டு. அமைச்சர் பேசும்போது அங்கிருந்து சிறு துண்டுச் சீட்டு அவர் கைக்குப் போவதைக் கவனித்துப் பாருங்கள். கோப்பில் இல்லாத கேள்வி வந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

நம் உறுப்பினர்கள் தவறவிடுவதும் இந்த இடத்தில்தான். துணைக் கேள்வி என்று எழுந்து மூன்று நிமிடம் பேருரை ஆற்றி, கடைசியில் நான்கு கேள்விகளை ஒன்றாகக் கோர்ப்பார்கள். அமைச்சர் நான்கில் எளிதானதை எடுத்துப் பதில் சொல்லிவிட்டு உட்காருவார். யாரும் குறை சொல்ல முடியாது. எழுத்துப் பதிலில் இருக்கும் ஓர் எண்ணைப் பிடித்து ஒரே ஒரு 'ஏன்' கேட்கிறவருக்குத்தான் சீட்டு ஓடி வரும்.

கேள்வி: கச்சத்தீவு ஒப்பந்தம் போட்டபோது நாடாளுமன்றத்தில் யாரும் கேள்வி கேட்கவில்லையா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், தருமபுரி)

பதில்: எதிர்ப்பு இருந்தது ஐயா. 1974 ஜூன் மாதம் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஜூலை 23 அன்று வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் மக்களவையில் அறிக்கை வைத்தார். தி.மு.க.வின் இரா. செழியனும், இராமநாதபுரம் உறுப்பினர் மூக்கையா தேவரும் கடுமையாக எதிர்த்துப் பேசினார்கள். ஆனால் அது கேள்வி நேரம் அல்ல. அமைச்சர் தாமாக வைத்த அறிக்கை. மக்களவை விதி 372-ன்படி அத்தகைய அறிக்கையின்மீது அப்போது கேள்வி கேட்க முடியாது. மாநிலங்களவையில் விளக்கம் கேட்கும் வழக்கம் உண்டு. அதனால்தான் சங்கடமான விஷயங்களை எந்த அவையில், எந்த வடிவில் வைப்பது என்று அரசுகள் கணக்குப் பார்க்கின்றன.

அதற்குப் பின் மீனவர் கைது பற்றிய கேள்வி ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் வருகிறது. இருபது ஆண்டுகளில் 6,184 இந்திய மீனவர்களை இலங்கை பிடித்தது, 1,175 படகுகளைக் கைப்பற்றியது என்று ஜெய்சங்கர் 2024 ஏப்ரலில் சொன்னார். அதைச் சொன்னது பத்திரிகையாளர் சந்திப்பில். அமைச்சர் சொன்ன எண்களை மேற்கோள் காட்டும்போது, அவையிலா வெளியிலா, எங்கே சொன்னது என்று பார்த்து எழுதுங்கள். வெளியே சொன்னதற்கு உரிமை மீறல் நோட்டீஸ் கொடுக்க முடியாது. அவையில் தவறாகச் சொன்னால் முடியும். அவையில் தெரியாமல் தவறு நேர்ந்தால், அமைச்சரே திருத்த அறிக்கை வைக்க வழி இருக்கிறது.

கேள்வி: ஈராக்கின் மோசுலில் 39 இந்தியர்கள் இறந்ததைக் குடும்பத்தாருக்குச் சொல்லாமல் நாடாளுமன்றத்தில் முதலில் சொன்னது சரியா? (வாசகர், மத்தூர்)

பதில்: 2018 மார்ச் 20 அன்று சுஷ்மா ஸ்வராஜ் மாநிலங்களவையில் அறிவித்தார். அவை கூடியிருக்கும்போது முக்கியச் செய்தியை அவைக்கே முதலில் சொல்ல வேண்டும் என்ற மரபு உண்டு. அவர் அதைத்தான் காரணமாகச் சொன்னார். அவர்கள் காணாமல் போன 2014 முதல் அவையில் இந்தக் கேள்வி பலமுறை வந்து, ஆதாரமின்றி இறந்ததாக அறிவிக்க மாட்டேன் என்று அவர் வாக்குக் கொடுத்திருந்ததும் உண்மை. மரபு சரி. ஆனால் தொலைக்காட்சியில் தெரிந்துகொண்ட தாய்மார்களின் வருத்தமும் நியாயமானதே. அவைக்கு அரைமணி முன்னால் மாவட்ட ஆட்சியர்கள் வழியாக வீட்டுக்குச் சொல்லியிருந்தால் எந்த மரபும் உடைந்திருக்காது என்பது எங்கள் கருத்து.

கேள்வி: பதில்களைப் படித்தால் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது. எப்படிப் பொருள் கொள்வது? (வழக்கறிஞர், தேன்கனிக்கோட்டை)

பதில்: ஒரே மாதிரி தெரிந்தாலும் படிக்கட்டு உண்டு. 'அரசு கவனித்து வருகிறது' என்றால் இன்னும் ஒன்றும் செய்யவில்லை. 'தூதரக வழியில் எடுத்துச் சொல்லப்பட்டது' என்றால் கடிதமோ சந்திப்போ நடந்திருக்கிறது. 'மிக உயர்ந்த மட்டத்தில் எழுப்பப்பட்டது' என்றால் பிரதமர் அல்லது அந்நாட்டு அதிபர் அளவில் பேச்சு நடந்தது. அதற்குத் தேதி கேட்டுத் துணைக் கேள்வி போடலாம். மீனவர் பிரச்சினையில் 'கூட்டுப் பணிக்குழு' என்று வந்தால், 2016-ல் அமைத்த இந்திய–இலங்கைக் குழு. அது கடைசியாக எப்போது கூடியது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

'(அ) முதல் (ஈ) வரை' என்று நான்கையும் சேர்த்து ஒரே பதில் வந்திருந்தால் உஷாராகுங்கள். ஏதோ ஒரு பிரிவுக்கு விடை இல்லை. கேள்வியையும் பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது விடுபட்டது என்று கோடிடுங்கள். அடுத்த கேள்வியை அதை மட்டும் வைத்து எழுதலாம். ஒரு பதில் போதவில்லை என்றால் மக்களவையில் அரைமணி விவாதம் கோரவும் உறுப்பினருக்கு உரிமை உண்டு.

'விவரம் சேகரிக்கப்படுகிறது, அவையில் வைக்கப்படும்', 'பரிசீலனையில் உள்ளது' போன்ற தொடர்கள் வேறு வகை. இவற்றை அவையின் உறுதிமொழிக் குழு உறுதிமொழியாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், இல்லையென்றால் நீட்டிப்புக் கேட்க வேண்டும். மூன்று மாதம் கழிந்தும் பதில் வராவிட்டால், கேள்வி எண்ணையும் தேதியையும் குறித்து எம்.பி.க்கு நினைவூட்டுங்கள். பெரும்பாலோர் இந்தப் படியை மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: தமிழில் கேட்கலாமா? பழைய பதில்களை எங்கே பார்ப்பது? (வாசகி, பாலக்கோடு)

பதில்: எழுத்து நோட்டீஸ் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும். அவையில் துணைக் கேள்வியைத் தமிழில் கேட்கலாம்; முன்கூட்டித் தெரிவித்தால் மொழிபெயர்ப்பாளர் தயாராக இருப்பார். தயாராக இல்லாதபோது கேட்டால், அமைச்சர் காதில் கருவியை மாட்டிக்கொண்டு தேடுவதிலேயே நேரம் போய்விடும்.

பதில்கள் நாடாளுமன்றத்தின் 'சன்சத் டாட் இன்' தளத்தில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் உள்ளன. அவையைத் தேர்ந்தெடுத்து, கேள்விகள் பகுதியில் அமைச்சகம் என்ற இடத்தில் வெளியுறவு என்று வைத்துத் தேடுங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் சொந்தத் தளத்திலும் நாடாளுமன்றக் கேள்வி பதில் என்று தனிப் பகுதி இருக்கிறது. ஒரு நாட்டின் பெயரை வைத்துத் தேட அதுதான் வசதி. 'தமிழ்நாடு' என்று தேடினால் மாநில வாரிப் பட்டியல்கள் தப்பிவிடும், ஏனென்றால் அவை பெரும்பாலும் இணைப்பாகப் பின்பக்கத்தில் இருக்கும். பொருளை வைத்துத் தேடி, கோப்பைக் கடைசிப் பக்கம் வரை திறந்து பாருங்கள்.